சுரைக்குடுக்கை மணி

ஆற்றங்கரைக் காட்டில் ஒரு கொண்டலாத்திப் பறவை கல்லூரி நடத்தி வந்தது. மனம் மகிழ்ந்தால் அதன் தலைக்கொண்டை விசிறிபோல விரியும். அது தன் அலகால் ஒரு கருவியும் செய்து பார்த்ததில்லை. ஆனால் புதுக்கருவி செய்து தொழில் தொடங்குவது எப்படி என்று அதைப்போலப் பேச அந்தக் காட்டில் வேறு ஆள் இல்லை.

கடைசி ஆண்டு வகுப்பில் சுழியன் என்ற நீர்நாயும் கீற்று என்ற அணிலும் கூட்டாளிகள். சுழியனுக்குப் பேச்சு வரும். கீற்றுக்குக் கைவேலை வரும்.

"முதலில் யாருக்கு என்ன கஷ்டம் என்று கேட்டு வாருங்கள். பிறகு கருவி செய்யுங்கள்!" என்றது கொண்டலாத்தி.

இருவரும் ஆற்றின் தாழ்ந்த கரைக்குப் போனார்கள். அங்கே எலிகள் வளை தோண்டி வாழ்ந்தன. நெல்லி என்ற தாய் எலி வெளியே வந்தது.

"எங்களுக்கு என்ன கஷ்டமா? நல்லாக் கேட்டீங்க, தம்பி! நாங்கள் பகலில் தூங்குகிறவர்கள். மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். அதனால் பகல் முழுவதும் யாராவது ஒருவர் கீழ்வளை வாசலில் உட்கார்ந்து வாலை ஆற்றில் தொங்கவிட வேண்டும். தண்ணீர் முதுகைத் தொட்டால் கத்த வேண்டும். அதுதான் எங்கள் வால்காவல்."

"நல்ல ஏற்பாடுதானே, அக்கா?" என்றது கீற்று.

"நல்ல ஏற்பாடுதான். வெட்டவெளியில் அசையாமல் உட்கார்ந்தால் மேலே பருந்து பார்க்காதா? என் வீட்டுக்காரரை அப்படித்தான் தூக்கிக்கொண்டு போனது. வருகிற பௌர்ணமியிலிருந்து என் மூத்தவள் முறை. அவளை நினைத்தால் எனக்குத் தூக்கமே வருவதில்லை."

அணில் மறுநாளே வேலையைத் தொடங்கியது. காய்ந்த சுரைக்குடுக்கையில் கொஞ்சம் மணல் போட்டு, கொடியில் கட்டி, கிளைமேல் போட்டு ஆற்றோரம் நீரைத் தொடும்படி தொங்கவிட்டது. கொடியின் மறுமுனையில் ஒரு கல். அதன் கீழே உள்ளே குடைவான ஒரு கட்டை. தண்ணீர் ஏறினால் குடுக்கை மிதக்கும். கொடி தளரும். கல் விழும். 'டம்' என்று கட்டை ஒலிக்கும்.

மண்ணணை கட்டி நீரை ஏற்றிப் பார்த்தபோது முதல் நாள் ஒலித்தது. இரண்டாம் நாளும் ஒலித்தது. மூன்றாம் நாள் குடுக்கை ஊறி, உள்ளே நீர் புகுந்து, அடியில் போய்க் கிடந்தது.

"குங்கிலியப் பிசின் பூச வேண்டும். பூசி, காயவைத்து, ஒரு மாதம் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும்," என்றது கீற்று.

"ஒரு மாதமா! நாளைக்கு அரங்கேற்றம்!" என்று துள்ளியது சுழியன்.

அரங்கேற்றம் அந்தக் கல்லூரியின் வழக்கம். மாணவர்கள் தங்கள் கருவியைக் காட்டில் உள்ளவர்கள் எல்லாருக்கும் முன்னால் இயக்கிக் காட்டுவார்கள். எதற்கு ஆரவாரம் அதிகமோ அதற்குக் காட்டுப்பன்றி தன் களஞ்சியத்திலிருந்து முதலீடு செய்யும். இருவரும் ஆசிரியரிடம் ஓடினார்கள்.

கொண்டலாத்தி சிரித்தது. "இதற்கா இந்த முகம்? கீற்று, நீ கட்டைக்குள் ஒளிந்துகொள். சுழியன் சைகை காட்டும்போது உள்ளிருந்து தட்டு."

"ஐயா, அது பொய் இல்லையா?"

"பொய்யா! பிறகு நடக்கப் போவதை முன்கூட்டியே காட்டுகிறோம், அவ்வளவுதான். அரங்கேற்றத்தில் யாரும் குடுக்கையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. வாங்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள். எல்லாம் சரியான பிறகுதான் விற்பேன் என்றால் அக்கரைக் குரங்குகள் முந்திக்கொள்ளும். முதலில் கொண்டுபோய் வை! ஓட ஓடச் சரி செய்!"

அரங்கேற்றத்தில் கட்டை 'டம் டம்' என்று ஒலித்தது. காடே ஆரவாரம் செய்தது. காட்டுப்பன்றி எழுந்து நின்று உறுமியது. பின்வரிசையில் நெல்லி எலி கண்ணைத் துடைத்துக்கொண்டது. கட்டைக்குள் இருந்த அணில் அதை ஒரு விரிசல் வழியே பார்த்தது.

அடுத்த வாரம் எலிக்கரையில் அந்தச் சுரைக்குடுக்கை மணி ஏறியது.

"தம்பி, உண்மையாகவே அடிக்குமா?" என்று கேட்டது நெல்லி.

"உங்கள் காதாலேயே கேட்டீர்களே, அக்கா!" என்றது சுழியன்.

"கேட்டேன். அப்படியானால் கொஞ்ச நாள் இரண்டும் இருக்கட்டுமா? மணியும் இருக்கட்டும், வாலும் இருக்கட்டும்."

சுழியன் தயங்கியது. பழைய வழக்கத்தை விட வைத்தால்தான் புதுப்பொருள் நிலைக்கும் என்பது வகுப்பில் கேட்ட பாடம். அது நினைவுக்கு வந்தது.

"மணி இருக்கும்போது வால் எதற்கு? பருந்துக்கு விருந்து வைக்கவா? உங்கள் மூத்தவளை உள்ளே தூங்கச் சொல்லுங்கள்!"

எலிகள் சிரித்தன. அன்றோடு வால்காவல் நின்றது. வெகுநாள் கழித்து நெல்லி தன் ஏழு குட்டிகளையும் அணைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியது.

கீற்று மட்டும் குங்கிலியம் தேடிக் காட்டில் அலைந்தது. பூசிய புதுக்குடுக்கை இன்னும் காயவில்லை.

"அதுவரை காவலை விட வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?" என்று அது கேட்டது.

"சொன்னால் மணியைக் கழற்றிவிடுவார்கள். காட்டுப்பன்றி என்ன நினைக்கும்? நாலு நாள் பொறு!" என்றது சுழியன்.

அணில் பொறுத்தது. வெள்ளம் பொறுக்கவில்லை.

ஒரு நண்பகலில் வானம் வெளுத்துக் கிடந்தது. ஒரு மேகம்கூட இல்லை. மேல்மடுவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த சுழியன் தண்ணீர் செம்மண் நிறமாக மாறுவதைப் பார்த்தது. ஒரு நொடியில் அதற்கு எல்லாம் புரிந்தது.

"கீற்று! ஓடு! மணி! மணி!" என்று கரைமரத்தில் இருந்த அணிலைப் பார்த்துக் கத்தியது.

நீர்நாய் ஆற்றில் பாய்ந்தது. அணில் கிளைகளில் பறந்தது. எலிக்கரையில் குடுக்கை நீர் குடித்து அடியில் கிடந்தது. கல் மேலேயே தொங்கியது. கட்டை வாய் மூடிக் கிடந்தது.

அணில் கட்டைக்குள் புகுந்தது. அரங்கேற்றத்தில் தட்டியதுபோலவே இரண்டு கைகளாலும் தட்டியது. நகம் பெயரத் தட்டியது. மேல்வளை எலிகள் விழித்தன. அலறிக்கொண்டு மேட்டுக்கு ஓடின. கீழ்வளைகளில் அதற்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது.

சுழியன் முழுகி முழுகி வளைகளில் துழாவியது. நெல்லியைக் கழுத்தில் கவ்வி வெளியே இழுத்துப் போட்டது. நெல்லியின் வாயில் ஒரு குட்டி இருந்தது. கடைசிக் குட்டி. மறுபடி முழுகிய நீர்நாய் மூத்தவளைக் கொண்டு வந்தது. அவளுக்கு மூச்சு இல்லை. மற்ற ஐந்தும் கிடைக்கவே இல்லை.

வெள்ளம் வடிந்த பிறகு கல்லூரி மீண்டும் கூடியது. சுழியனும் கீற்றும் தலை குனிந்து நின்றார்கள். கொண்டலாத்தி அவர்களைத் தட்டிக்கொடுத்தது.

"வருத்தம்தான். ஆனால் மாணவர்களே, ஒன்றைக் கவனியுங்கள்! தோல்வி நல்ல பாடம். தொழில் செய்கிறவன் விழுவான், எழுவான். இவர்களின் அடுத்த குடுக்கை இதைவிட நன்றாக இருக்கும்!"

வகுப்பின் ஓரத்தில் ஒரு குரல் கேட்டது. நெல்லி எலி நின்றது. கடைசிக் குட்டி அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"விழுந்தது யார், ஐயா?" என்று அது கேட்டது.

கொண்டலாத்தி திரும்பிப் பார்த்தது.

"இவர்கள் நிற்கிறார்கள். நீங்களும் நிற்கிறீர்கள். காட்டுப்பன்றியின் களஞ்சியம் நிறைந்துதான் இருக்கிறது. நீங்கள் பாடம் படிக்க என் குட்டிகளா கிடைத்தார்கள்? என் மூத்தவள் வெளியே உட்கார்ந்திருந்தால் பருந்து தூக்கியிருக்கலாம். தூக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் தண்ணீர் வருகிறது என்று கத்தியிருப்பாள்."

கொண்டலாத்தியின் கொண்டை மடங்கியது.

கீற்று அன்றே கல்லூரியை விட்டது. குங்கிலியம் பூசிய குடுக்கையை ஒரு மாதம் அல்ல, ஒரு மழைக்காலம் முழுவதும் தண்ணீரில் போட்டுப் பார்த்தது. அது ஊறவில்லை. சுழியன் அதை எலிக்கரையில் கட்டியது. ஒரு வார்த்தையும் பேசி விற்கவில்லை. "கூலி வேண்டாம், அக்கா," என்று மட்டும் சொன்னது.

அடுத்த வெள்ளத்தில் மணி ஓங்கி ஒலித்தது. அதற்கு முன்பே எலிகள் எல்லாம் மேட்டில் ஏறி நின்றன. கீழ்வளை வாசலில் நெல்லியே வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, தண்ணீர் தொட்டதும் கத்தியிருந்தது. மேலே பருந்து வட்டமிட்டது. அந்த மணியை நம்பி அந்தக் கரையில் பிறகு ஒருவரும் தூங்கவில்லை.

உன் பொருளை நம்பிப் பிறர் தம் காவலை விடப் போகிறார்கள் என்றால், அது வேலை செய்யும் என்று நீ உறுதியாக அறியும்வரை அதை விற்காதே.