சந்திரசூடன் எடுத்த நோட்ஸ்

ஒலியியல் பேராசிரியர் சந்திரசூடன் ஆன்லைன் வகுப்பில் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது என்றார்கள் மாணவர்கள். கவனிக்காத கழுதைகள் என்று அவர் தேர்வில் முட்டை முட்டையாகப் போட்டார். புகார் கல்லூரி முதல்வர்வரை போன பிறகுதான் ஆய்வக உதவியாளர் தவமணியை அவர் கூப்பிட்டார்.

"நாளைக்குள்ள சரி பண்ணணும். ஆனா என் லேப்டாப்பை நீ தொடக்கூடாது. முடியலேன்னா வேற வேலை பாரும்மா."

"தொடலை சார். நேத்து வகுப்போட ரெக்கார்டிங்கைப் போடறேன். காதுல விழறதை மட்டும் நீங்க நோட்ஸ் எடுங்க."

துறையே வேடிக்கை பார்க்க, அவர் பேனாவைத் திறந்தார். பத்து நிமிடத்தில் தாளில் ஏறியது 'வணக்கம்' மட்டும்தான்.

"இந்தப் பேப்பருக்கு எத்தனை மார்க் சார் போடுவீங்க?" என்று பணிவாகக் கேட்டாள் தவமணி.

பிறகு லேப்டாப்பைத் தொடாமல் விரலை நீட்டிக் காட்டினாள். ஆயுதபூஜைக்கு அவர் லேப்டாப்பில் வைத்த சந்தனம் மைக் துளையை அடைத்துக் காய்ந்து கிடந்தது. அவரே நகத்தால் சுரண்டினார்.

மறுநாள் வகுப்பில் குரல் கணீரென்று கேட்டது. வருகைப் பதிவில் "அமிர்தவல்லி" என்று மூன்று முறை கூப்பிட்டார். பதில் இல்லை. தனக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொல்லிவிட்டு, அவள் போன வாரமே நூற்பாலை வேலைக்குப் போய்விட்டாள்.

பக்கத்தில் நின்ற தவமணி தலை குனிந்துகொண்டாள். அந்தச் சந்தனத்தை அவள் பூஜைக்கு மறுநாளே பார்த்திருந்தாள். பெரிய மனுஷனிடம் நமக்கெதற்கு வம்பு என்று ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டாள்.