சுனைத் தண்ணீரைக் கை மாற்றியவள்

அந்தக் காலத்தில் மானும் மனுஷியும் ஒரே பேச்சுப் பேசினார்கள். மனிதக் குழந்தைகள் எல்லாம் தெரிந்தே பிறந்தன. வயிற்றிலிருந்து வெளியே வந்ததும் எழுந்து நிற்கும். எந்தக் கிழங்கைத் தின்னலாம், எது நாக்கை அரிக்கும், கல்லை உரசி நெருப்பு எடுப்பது எப்படி, மழை எந்தப் பக்கமிருந்து வரும், அத்தனையும் அதற்குத் தெரியும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் யாரோடும் இருக்க வேண்டியதும் இல்லை. காலையில் பிறந்த பிள்ளை பொழுது சாய்வதற்குள் தன் வழியைப் பார்த்துப் போய்விடும்.

அந்த அறிவைக் கொடுத்தது மலை உச்சியில் இருந்த ஒரு சுனை. பாறை வெடிப்புக்குள் ஆழத்தில் கிடந்தது அதன் தண்ணீர். மனிதக் கை மட்டும்தான் அந்த ஆழத்துக்கு எட்டும். மாசம் நிறைந்த பெண்கள் மேலே ஏறிப் போய் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு இறங்குவார்கள்.

மாதி என்றொரு பெண் அந்த மலையில் இருந்தாள். இரண்டு பெற்றவள். மூத்தவள் பிறந்ததும் எழுந்து, இலையால் தன் உடம்பைத் துடைத்துக்கொண்டு, "இஞ்சி தட்டிக் குடிம்மா, வலி குறையும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்தவன் பிறந்தபோது மாதி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் இருடா."

"எதுக்கும்மா?"

அவள் பிடியை இறுக்கினாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தான். அன்று பொழுதுக்கும் அவள் மார்பில் பால் சுரந்து சேலை நனைந்தது. குடிக்க ஆளில்லை. பால் கட்டிக்கொண்டு, தொட்டாலே வலித்தது.

"எல்லா வீட்டுலயும் இப்படித்தானே நடக்குது?" என்றான் அவள் புருஷன் சடையன்.

"எல்லா வீட்டுலயும் வலிக்காதா என்ன?" என்றாள் மாதி.

மூன்றாவது முறை மாசம் நிறைந்தபோது அவள் சுனைக்கு ஏறினாள். அங்கே ஒரு புள்ளிமான், நிறைந்த வயிற்றோடு, பாறை வெடிப்புக்குள் மூக்கைத் திணித்துத் திணித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கு கிழிந்து ரத்தம் வழிந்தது.

"ஏன் தங்கச்சி இப்படி?" என்றாள் மாதி.

"என் குட்டிங்களுக்கு ஒண்ணும் தெரியலக்கா" என்றது மான். "பிறந்து எத்தனையோ நாள் துவண்டு கிடக்குது. நிக்கத் தெரியல. சிறுத்தை வாடை வந்தாலும் என்னன்னு தெரியாம என் முகத்தையே பார்க்குது. நக்கிக் கொடுத்து, முட்டி எழுப்பி, ஒவ்வொண்ணா நான் சொல்லித் தர்றதுக்குள்ள சிறுத்தை வந்துடுது. இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தங்கல."

மாதிக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை காதில் நின்றுவிட்டது.

"உன் முகத்தையே பார்க்குமா?"

"வேற எங்க பார்க்கும்? அதுக்கு என்னை விட்டா யாரைத் தெரியும்?"

மாதி குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினாள். வெடிப்புக்குள் இருந்த தேரை தலையை நீட்டியது. அதுதான் சுனைக்குக் காவல்.

"யோசிச்சுக்கோ மாதி. இது ஒரே ஒரு இனத்துக்குத்தான் பலிக்கும். மானுக்குக் கொடுத்தா உனக்கு மட்டுமில்ல, மனுஷப் பிறப்பு எதுக்குமே இனி இல்ல. மானா மனசு வச்சுத் திருப்பிக் கொடுத்தாத்தான் உங்ககிட்ட வரும்."

மாதியின் விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. அது முழுக்க வழிந்து போவதற்குள் அவள் கையை மானின் வாய்க்கு நேரே நீட்டினாள். மான் குடித்தது.

மாதிக்கு ஒரு பெண் பிறந்தாள். எழுந்து நிற்கவில்லை. கழுத்தே நிற்கவில்லை. வாயைத் திறந்து வீரிட்டு அழுதாள். அந்த மலையில் அதுவரை யாரும் குழந்தை அழுது கேட்டதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். மாதி செய்ததைக் கேட்டு வாயில் வந்தபடி ஏசினார்கள். "எங்க வயித்தையும் சேர்த்துல்ல கெடுத்துட்ட!" என்று கத்திய ஒருத்தி, குழந்தையைத் தூக்கிக் காட்டித் திட்டப் போனாள். அது அவள் விரலைப் பற்றிக்கொண்டது. அவள் குரல் இறங்கிவிட்டது. பிறகு அவளிடமிருந்து குழந்தையை வாங்குவதற்குள் மாதிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மாதி பால் கொடுத்தாள். இடுப்பிலேயே சுமந்தாள். குழந்தை மண்ணைத் தின்றது, தன் நிழலைப் பார்த்துப் பயந்தது, காக்கையைப் பார்த்துச் சிரித்தது. ஒருநாள் மாதி விறகை ஒடித்துக்கொண்டிருந்தபோது, தவழ்ந்து போய் அடுப்பில் கையை வைத்துவிட்டது.

மாதி வாரி எடுத்தாள். விரல் நுனியெல்லாம் கொப்பளித்திருந்தது. மூத்தவளோ அடுத்தவனோ நெருப்பிடம் இப்படிப் போயிருப்பார்களா? 'என் ஆசைக்கு இதன் கையைச் சுட்டுவிட்டேனே' என்று மார்பில் அடித்துக்கொண்டாள். தண்ணீரைத் திரும்பக் கேட்டுவிட வேண்டும் என்று, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மானைத் தேடி ஓடினாள்.

புல்வெளியின் ஓரத்தில் மான் தனியாக நின்றது.

"உன் குட்டி எங்க தங்கச்சி?"

மான் தூரத்தில் மேய்ந்த கூட்டத்தைக் காட்டியது. "நான் நக்கி முடிக்கிறதுக்குள்ள எழுந்து நின்னுடுச்சு. சிறுத்தை வந்தப்ப எனக்கு முன்னாடியே வாடை பிடிச்சு ஓடுச்சு. உயிரோட இருக்குக்கா." கூட்டத்தின் பக்கமே பார்த்துக்கொண்டு, "என் முகத்தைத்தான் பார்க்கிறதில்ல" என்றது.

மாதி குழந்தையின் கையை விரித்துக் காட்டினாள். "சுட்டுக்கிச்சு. இதுக்கு ஒண்ணுமே தெரியல. திருப்பிக் கொடுத்துடு தங்கச்சி."

மான் கூட்டத்தைப் பார்த்தது. பிறகு குழந்தையைப் பார்த்தது. "கேட்டா கொடுத்துடுவேன். நீ கொடுத்ததுதானே? ஆனா சிறுத்தை இன்னும் இந்தக் காட்டுலதான் இருக்கு" என்றது.

அப்போது குழந்தை மானைப் பார்த்தது. கொப்பளித்த விரலை அதன் முகத்துக்கு நேரே நீட்டி, உதட்டைக் குவித்து, "ச்சூ" என்றது. ஓடி வரும் வழியெல்லாம் அந்த விரலை ஊதி ஊதி மாதி சொல்லிக்கொண்டு வந்த சொல் அது. சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பி, சரியாகச் சொன்னோமா என்பதுபோல் தாயின் முகத்தைப் பார்த்தது.

மாதி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். இரண்டு பிள்ளைகள் எத்தனையோ பேசிவிட்டுப் போனார்கள். அவளிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல் ஒன்றுகூட இல்லை.

"வேணாம் தங்கச்சி" என்றாள். "தெரிஞ்சுக்கும். கொஞ்சம் கொஞ்சமாத் தெரிஞ்சுக்கும். நான் கூட இருக்கேன்."

மான் குழந்தையின் விரலை ஒருமுறை நக்கிக் கொடுத்தது. மாதி இறங்கிப் போகும் வழியையே, அவள் மரங்களுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றது.

அன்று முதல்தான் மான்குட்டி பிறந்த சூட்டோடு எழுந்து ஓடுகிறது, மனிதக் குழந்தை ஒன்றும் தெரியாமல் மடியில் கிடந்து தாயின் முகத்தைப் பார்க்கிறது; கைக்குழந்தைக்காரி காட்டு வழியே வந்தால், ஓடுவதற்கு முன் மான் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்ப்பதும் அன்று முதல்தான்.