மூன்று விரல்

பத்தில் ஒன்பது பங்கு காடாகவே கிடந்த ஒரு நாடு இருந்தது. அங்கே மீதி ஒரு பங்கும் ஆறுதான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட நாட்டில் மூன்று வருசமாக அம்பெடுக்கவும் கூடாது, வலை போடவும் கூடாது என்று அரண்மனை உத்தரவு. மானும் குறைந்துபோச்சு, மீனும் குறைந்துபோச்சு, அதனால் பூட்டு.

அந்தப் பூட்டைத் திறக்க நடையாய் நடந்தவர் சடையாண்டி. ஆற்றங்கரை வலைக்காரர். மேட்டுக்காட்டு வேடர்களையும் சேர்த்துக்கொண்டு மனு மேல் மனுவாக எழுதித் திவானின் உயிரை வாங்கிவிட்டார், மனுசன்.

அவருடைய குரு பூரணத்தம்மை. சீடருக்கு ஐம்பத்தெட்டு வயது, குருவுக்கு நாற்பது. அவர் குருவை அம்மா என்பார், குரு அவரை அண்ணே என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

அன்றைக்குக் காலையில் சடையாண்டி குருவின் குடிசைக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். ஒரு கையில் தாள். தோளில் புது வலை. சந்தோசத்தில் மூச்சு வாங்கியது.

திவான் இறங்கி வந்துவிட்டாராம். சட்டத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள், வேடர் ஒரு வரி, வலைக்காரர் ஒரு வரி, பொழுது சாய்வதற்குள் வந்தால் முத்திரை, நாளைக்கே ஆறு திறக்கும் என்று சொன்னாராம். வேடர்கள் சினைமான் காலத்தில் அம்பு தொடமாட்டோம் என்று எழுதிவிட்டார்கள். இவர் வரியையும் வரும் வழியில், படகிலேயே எழுதிவிட்டார். கரையில் இப்போதே பறை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றார்.

"படிங்க அண்ணே," என்றார் குரு.

"மூன்று விரல் கண்ணுக்குக் குறைந்த வலை ஆற்றில் இறங்கக் கூடாது." படித்துவிட்டு நிமிர்ந்தார். "எங்க பாட்டன் காலத்து அளவும்மா. பொடிமீன் தப்பிச்சிரும், பெரிசு மட்டும் நிக்கும். இதுக்கு மேல நியாயம் உண்டா?"

அந்த ஊர் வழக்கம் அது. வலை முடிகிறவர் தன் மூன்று விரலைச் சேர்த்து வைத்து, அதைச் சுற்றி நூலை இழுத்து முடிச்சுப் போடுவார். அதுதான் வலையில் ஒரு கண்.

"யாரு விரல்?" என்று கேட்டார் குரு.

சடையாண்டிக்குச் சிரிப்பு வந்தது. யார் முடிகிறாரோ அவர் விரல்தான், இதையெல்லாமா கேட்பீர்கள் என்றார்.

குரு எழுந்து கொல்லைக்குப் போனார். அங்கே பீர்க்கங்கொடி படர ஒரு பழைய வலையைக் கட்டியிருந்தார். கொடியை மெல்ல விலக்கி, வலையின் ஒரு முனையை அவிழ்த்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"இது யார் முடிஞ்சது?"

"நான்தான். பன்னெண்டு வருசம் முந்தி உங்ககிட்ட வந்தப்போ காணிக்கையா கொடுத்தது."

"எந்த அளவு?"

"மூணு விரல்தான். வேற என்ன?"

குரு சடையாண்டியின் தோளிலிருந்த புது வலையை வாங்கி, பழைய வலையின் மேல் விரித்தார். கண்ணுக்குக் கண் பொருந்தவில்லை. பழைய கண் பெரிது, புதுக்கண் சிறிது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

பழசு மழையில் தொய்ந்திருக்கும் என்றார் சடையாண்டி. சணல் நனைந்தால் சுருங்கும் என்று நீங்கள்தானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்றார் குரு.

சடையாண்டி பழைய வலைக்குள் மூன்று விரலை விட்டுப் பார்த்தார். இன்னும் அரை விரலுக்கு இடம் இருந்தது. எடுத்துவிட்டு மறுபடியும் விட்டார். தன் முடிச்சுதான், கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும்.

"மோதிரத்துல எதுக்கு அண்ணே நூல் சுத்தியிருக்கீங்க?"

"விரல் மெலிஞ்சு கழண்டு கழண்டு விழுதும்மா. ஆத்துல போயிரக் கூடாதேன்னு..." சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். பிறகு குரல் இறங்கியது. "ஊர்ல எல்லார் மோதிரத்திலயும் நூல்தாம்மா."

"எப்பலேருந்து?"

"மீன் குறைய ஆரம்பிச்சதுலேருந்து."

கரையில் பறை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. சடையாண்டி இரண்டு வலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். வருசா வருசம் புது வலை. வருசா வருசம் அதே மூன்று விரல்.

"அப்போ பொடிமீன் பூராவும் எங்க வலையிலயாம்மா போச்சு? அரண்மனை குத்தம், மரம் வெட்டுறவன் குத்தம்னு மூணு வருசமா மனு எழுதுனேனே."

குரு அரிவாள்மணையை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார்.

"விரலை எழுதாதீங்க. இந்தப் பழைய வலையில ஒரு கண்ணை அறுத்து, தாளோட சேர்த்துக் கட்டிக் கொடுங்க. அதுதான் அளவுன்னு சொல்லுங்க. எந்த வலை வந்தாலும் அதை வச்சுப் பாக்கட்டும்."

சடையாண்டி பழைய வலையைக் கையில் எடுத்தார். இது யாருக்கும் தோன்றவில்லையே என்று பரபரவென்று ஒரு நல்ல கண்ணாகத் தேடினார். கொடி ஏறாத மூலையில் ஒன்று கிடைத்தது. முடிச்சு அவிழாமல் சுற்றி அறுத்து, தாளை நாலாக மடித்து, அதன் மேல் கட்டினார். இனி ஆற்றுக்கு ஆகாது, பீர்க்கங்கொடிக்காவது ஆகட்டும் என்று புது வலையை அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பினார்.

வாசல் படலைத் தாண்டியவர் நின்றார். திரும்பி வந்தார். முகத்தில் அந்தப் பரபரப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் கலங்கியிருந்தது.

"அம்மா, மூணு வருசமா அரை வயிறு. நாளைக்கு மீன் வரும்னு வீட்டுல உலை வச்சுட்டு உக்காந்திருக்காங்க. இந்தக் கண்ணுல பாதி மீன் தப்பிச்சுப் போயிருமேம்மா."

பூரணத்தம்மை சடையாண்டியின் கையைப் பிடித்து, மோதிரத்தில் தொங்கிய நூலை உள்ளே செருகிவிட்டார்.

"போகட்டும் அண்ணே. உங்க விரல் திரும்பப் பருக்க வேணாமா?"