நான்காவது ‘வேண்டாம்’

நாவல் மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில், வெயில் தாழ்ந்தால் போதும், இளவட்டங்கள் ஒன்றுகூட வீடு தங்காது குழந்தைகளே. மான், முயல், குரங்கு, காட்டுப்பன்றி எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வட்டப்பாறைக்கு ஓடும். அங்கேதான் சடையன் என்ற நரி தினமும் நாடகம் போட்டான்.

நாடகத்தின் நாயகன் நீலவேந்தன் என்ற மயில். அவன் கழுத்தை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் குரங்குகள் கிளையை விட்டுவிட்டுக் கைதட்டும். தோகையை விரித்தால் முயல்குட்டிகள் மயங்கி விழும்.

கதை என்னவோ எல்லா நாளும் ஒன்றுதான். பாறையின் மேல் சாமந்தி என்ற பெண்மயில் நடந்து வருவாள். நீலவேந்தன் எதிரே வந்து, “என்னைப் பிடித்திருக்கிறதா?” என்பான்.

“வேண்டாம், போ” என்பாள் அவள்.

அவன் பின்னாலேயே போவான். அவள் திரும்பி, “வேண்டாம் என்று சொன்னேனே!” என்று சீறுவாள். உடனே அவன் தோகையை விரித்து வழியை மறித்துக்கொண்டு, “பெண் வேண்டாம் என்றால், வேண்டும் என்று சொல்ல வெட்கப்படுகிறாள் என்று பொருள்!” என்பான்.

விசில் பறக்கும்.

மூன்றாம் முறை அவள் அழுதுகொண்டே “வேண்டாம்” என்று முனகி, அவன் சிறகில் தலையைச் சாய்ப்பாள். மரத்திலிருந்து பூ கொட்டும். நாடகம் முடியும்.

முடிந்த பிறகு சடையன் பாறையின் நடுவில் வந்து நிற்பான். “இன்றைக்கு யார் யாரைத் துரத்துகிறீர்கள்? வாயைத் திறந்து சொல்லுங்கள், நான் சோடி சேர்த்து அறிவிக்கிறேன்!” என்பான். ஆண்கள் போட்டி போட்டுக்கொண்டு பெயர்களைக் கத்துவார்கள். அந்தப் பெயர்களுக்கு உரிய பெண்களை யாரும் எதுவும் கேட்டதில்லை.

பார்க்க வருகிறவர்கள் கையோடு பழமோ கிழங்கோ சோளமோ கொண்டுவர வேண்டும். சடையனின் வளை நிரம்பி வழிந்தது.

ஆவாரை என்ற இளம் மான் அந்த நாடகத்தை இரண்டு தடவை பார்த்தாள். மூன்றாம் தடவை போகவில்லை. ஆனால் நாடகம் அவளைத் தேடிக்கொண்டு வந்தது.

அவள் கூட்டத்தில் நெடுங்கொம்பன் என்று ஒரு கலைமான் இருந்தான். கொம்பு முளைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நன்றாக ஓடுவான், நன்றாக மேய்வான், யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். அவன் திடீரென்று நாவல் பழத்தைக் கழுத்தில் தேய்த்து நீலமாக்கிக்கொண்டான். நேராக நடப்பதை விட்டுவிட்டு ஒரு தோளைச் சாய்த்து நடந்தான். தோகை இல்லையே என்று வாலில் நாலு ஈர்க்கைச் செருகிக்கொண்டான்.

ஒருநாள் காலை ஆவாரை ஓடைக்குத் தண்ணீர் குடிக்க வந்தபோது மணல் துறையில் அவன் நின்றான்.

“என்னைப் பிடித்திருக்கிறதா?” என்று கேட்டான்.

ஆவாரை மரியாதையாகவே பதில் சொன்னாள். “வேண்டாம் நெடுங்கொம்பா. எனக்கு அப்படி ஒரு எண்ணம் இல்லை.”

அவன் முகம் வாடவில்லை. மாறாக, மலர்ந்தது. “முதல் காட்சி!” என்றான்.

மறுநாளும் அதே துறையில் நின்றான். இந்தத் தடவை கொம்பைத் தாழ்த்தி வழியை மறித்தான்.

“வேண்டாம் என்று சொன்னேனே! விலகு, எனக்குத் தாகமாக இருக்கிறது.”

“இரண்டாம் காட்சி!” என்றான் அவன் பூரிப்போடு. “இன்னும் ஒன்றுதான் பாக்கி.”

ஆவாரைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தான் பேசுவது அவன் காதில் சொல்லாக விழவில்லை, நாடக வசனமாக விழுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. சுவரிடம் பேசினால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

அம்மாவிடம் போய்ச் சொன்னாள்.

“ஆசைப்பட்டுத்தானே பின்னால் வருகிறான்? கொஞ்சம் சிரித்துவிட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு வாயேன்” என்றாள் அம்மா.

“தண்ணீர் குடிக்க நான் ஏன் அம்மா சிரிக்க வேண்டும்?”

அம்மா மேய்ச்சலுக்குத் திரும்பிவிட்டாள். தோழிகளோ, “உனக்கு என்ன அதிர்ஷ்டம் பார்! நீலவேந்தன் மாதிரியே ஒருவன் கிடைத்திருக்கிறான்” என்று பெருமூச்சு விட்டார்கள்.

ஆவாரை மணல் துறைக்குப் போவதை நிறுத்தினாள். ஓடையின் மேல்பக்கம் ஒரு முள்காட்டுப் பள்ளம் இருந்தது. அங்கே சிறுத்தை படுத்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் எல்லோரும் மணல் துறைக்கு வந்தார்கள். ஆவாரைக்கு வேறு வழி இல்லை. நான்கு நாள் அந்தப் பள்ளத்தில் குடித்தாள். ஐந்தாம் நாள் சிறுத்தை பாய்ந்தது.

எப்படித் தப்பினாள் என்று அவளுக்கே தெரியாது. பின்தொடையில் மூன்று நகக்கோடுகள், முழங்கால்வரை ரத்தம். நொண்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்து சேர்ந்தாள்.

நெடுங்கொம்பன் ஓடி வந்தான். “ஐயோ! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூடவே வந்து காப்பாற்றியிருப்பேனே! அப்போதாவது உனக்கு என்னைப் பிடித்திருக்கும்!”

“நீ துறையை மறித்ததால்தான் நான் அங்கே போனேன்!” என்று கத்தினாள் ஆவாரை.

“கோபத்தில்கூட நீ எவ்வளவு அழகு!” என்றான் அவன்.

குழந்தைகளே, அன்று மாலையே வட்டப்பாறையில் சடையன் முழங்கினான்: “சிறுத்தையாலும் பிரிக்க முடியாத சோடி! நெடுங்கொம்பன், ஆவாரை! தட்டுங்கள் கையை!” கைதட்டல் காடெல்லாம் கேட்டது. முள்மரத்தடியில் புண்ணை நக்கிக்கொண்டிருந்த ஆவாரைக்கும் கேட்டது.

விடிந்ததும் அவள் நேராகச் சடையனின் வளைக்குப் போனாள்.

“யாரைக் கேட்டு என் பெயரைச் சொன்னாய்?”

சடையன் ஒரு வள்ளிக்கிழங்கைக் கடித்துக்கொண்டே அவளை மேலும் கீழும் பார்த்தான். “உன் பெயர் ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது. நன்றி சொல்ல வந்தாய் என்று நினைத்தேன்.”

“அவனை எனக்குப் பிடிக்கவில்லை. நாலு நாள் பயந்து பயந்து தண்ணீர் குடித்தேன். இதோ பார் என் காலை!”

“கால் கிடக்கட்டும். உன் கோபம் இருக்கிறதே, அது பிரமாதம்!” சடையனின் கண் பளபளத்தது. “சாமந்திக்குக் கால் சுளுக்கு. இன்றைக்கு நாயகி இல்லாமல் தவிக்கிறேன். நீ வா. சிறுத்தையிடம் தப்பிய மான் என்றால் கூட்டம் இரண்டு பங்காக வரும். வசனம் ஒன்றும் பெரிதில்லை. மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்தால் போதும்.”

ஆவாரை முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பினாள். வளைக்குப் பின்னால் சாமந்தி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். மற்றொரு கால் வீங்கியிருந்தது.

“என்ன ஆயிற்று?” என்று கேட்டாள் ஆவாரை.

“நீலவேந்தன் தோகையை விரித்துக்கொண்டு குதிக்கிறான் அல்லவா, கீழே யார் கால் இருக்கிறது என்று பார்ப்பதில்லை.”

“அவனைப் பிடிக்காமலா தினமும் தலை சாய்க்கிறாய்?”

“தலை சாய்த்தால்தான் சோளம் தருவான் சடையன். நாடகம் முடிந்தால் அந்த மயில் என் பக்கம் திரும்பக்கூட மாட்டான்.”

ஆவாரை அந்த வீங்கிய காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு வளைக்குத் திரும்பி வந்தாள்.

“நான் நடிக்கிறேன்” என்றாள். “வேண்டாம் என்று சொல்வது எனக்கு நன்றாக வரும்.”

அன்று மாலை வட்டப்பாறையைச் சுற்றி எள் விழ இடமில்லை. முன்வரிசையில், புதிதாகப் பழம் தேய்த்த கழுத்தோடு நெடுங்கொம்பன் உட்கார்ந்திருந்தான்.

நீலவேந்தன் கழுத்தைச் சொடுக்கிக்கொண்டு வந்தான். “என்னைப் பிடித்திருக்கிறதா?”

“வேண்டாம்” என்றாள் ஆவாரை. கூட்டம் சிரித்தது.

அவன் பின்னாலேயே போனான்.

“வேண்டாம்.”

தோகை விரிந்தது. வழி மறைந்தது. “பெண் வேண்டாம் என்றால், வேண்டும் என்று சொல்ல வெட்கப்படுகிறாள் என்று பொருள்!”

விசில் பறந்தது. மரத்தின் மேல் குரங்குகள் பூவோடு தயாராக இருந்தன.

“வேண்டாம்” என்றாள் ஆவாரை, மூன்றாம் முறையாக. அழவில்லை. முனகவில்லை. தலையும் சாயவில்லை.

நீலவேந்தன் காத்திருந்தான். “தலையைச் சாய்” என்று அலகுக்குள் கிசுகிசுத்தான்.

“வேண்டாம்” என்றாள் அவள் நான்காம் முறை, கூட்டத்தின் கடைசி வரிசைவரை கேட்கும்படி.

மயிலுக்கு அதற்கு மேல் வசனம் இல்லை! இருந்த ஒரே வசனத்தை இன்னொரு தடவை சொன்னான். “வேண்டாம்” என்றாள். மறுபடியும் சொன்னான். “வேண்டாம்.” குரங்கு ஒன்று கை வலித்துப் பூவைக் கீழே போட்டது. ஈரக்காற்று ஒன்று எழுந்து தோகையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. நீலவேந்தன் தள்ளாடி, ஒரு காலைத் தூக்கி, மறு காலை ஊன்றி, மூச்சு வாங்க நின்றான்.

“இவள் ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள்?” என்று கூட்டத்தைப் பார்த்தே கேட்டுவிட்டான். “மூன்றாம் தடவை ஒத்துக்கொள்ள வேண்டும். கதை அப்படித்தான்!”

“யார் எழுதிய கதை?” என்றாள் ஆவாரை.

“சடையன் எழுதியது.”

“என்னைக் கேட்டா எழுதினான்?”

“உன்னை எதற்குக் கேட்க வேண்டும்?”

“தலை என்னுடையது. அதனால்.”

பாறைக்குப் பின்னாலிருந்து சடையன், “சாய்! சீக்கிரம் சாய்! சோளம் இரண்டு பங்கு!” என்று ஊளையிட்டான். எங்கோ ஒரு முயல் சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நீலவேந்தனுக்கு வெறி பிடித்தது. இத்தனை நாளில் யாரும் அவனைப் பார்த்துச் சிரித்ததில்லை. குனிந்து ஒரே கொத்து! ஆவாரையின் ஆறாத புண்ணின் கீழ் ஓரத்தில் அலகு பட்டு ரத்தம் பீறிட்டது.

அப்போதும் பழக்கத்தில் சிலர் விசிலடித்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக விசில் நின்றது.

ஆவாரை அசையவில்லை. “மேலே இருக்கும் மூன்று கோடும் சிறுத்தையின் நகம்” என்றாள். “கீழே இருக்கும் துளை உங்கள் நாயகனின் அலகு. சிறுத்தை பசியால் பாய்ந்தது. இவன் எதற்காகக் கொத்தினான்? நான் வேண்டாம் என்று சொன்னதற்காக. இதற்குத்தான் தினமும் கை தட்டுகிறீர்கள். வழியை விடு.”

நீலவேந்தன் நகரவில்லை.

அப்போது பாறையின் ஓரத்திலிருந்து நொண்டிக்கொண்டே சாமந்தி ஏறி வந்தாள். “வழியை விடு” என்றாள். “நான் இத்தனை நாள் தலை சாய்த்தது சோளத்துக்காக. வேறு எதற்காகவும் இல்லை.”

கூட்டத்தின் நடுவே ஒரு பெண்முயல் எழுந்தது. “என் புதர் வாசலிலும் ஒருவன் பத்து நாளாக நிற்கிறான். வழியை விடு!” என்றது. ஒரு பெண்பன்றி எழுந்தது. கிளையில் ஒரு குரங்குப்பெண். பிறகு ஆவாரையின் தோழிகள். கடைசியில், அவள் அம்மா. “வழியை விடு! வழியை விடு!” என்று பாறை அதிர்ந்தது.

நீலவேந்தன் தோகையைச் சுருட்டினான். சுருட்டிய பிறகு அவன் ஒரு நடுத்தரமான கோழி அளவுக்குத்தான் இருந்தான். ஆவாரை அவனைத் தாண்டி இறங்கிப் போனாள்.

அன்று இரவோடு இரவாகச் சடையன் மயிலைக் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். அங்கேயும் பாறை இருந்ததாம், கூட்டமும் கூடியதாம். என்ன செய்வது!

மறுநாள் காலை ஆவாரை மணல் துறைக்குப் போனாள். நெடுங்கொம்பன் அங்கே நின்றான். கழுத்தைத் தேய்த்துக் கழுவியிருந்தான். ஆனால் நாவல் கறை முழுக்கப் போகவில்லை.

அவளைப் பார்த்ததும், “நான்... தண்ணீர் குடிக்கத்தான் வந்தேன்” என்றான்.

“நான் குடித்துவிட்டுப் போன பிறகு குடி.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“என் தாகம் தீரும்வரை.”

அவன் திரும்பி நடந்து, துறையை விட்டுத் தள்ளிப்போய், முதுகைக் காட்டி நின்றான்.

ஆவாரை தலையைக் குனிந்து, எங்கும் நிமிர்ந்து பார்க்காமல், நிதானமாகக் குடித்தாள்.

நீதி: ஒருவர் ‘வேண்டாம்’ என்று சொன்ன இடத்தில் கதை முடிந்துவிடுகிறது, அதற்கு மேலும் பின்தொடர்வதைக் காதல் என்று காட்டுகிறவன் ஏமாற்றுகிறான், அதை நம்பி நடக்கிறவன் கொடுமை செய்கிறான்.