ராஜா கலக்கிய அண்டா

கருவேலங்கோட்டை ராஜா வீரகேசரி தங்கமான மனிதர். அவரிடம் ஒரே ஒரு தொல்லை, சும்மா இருக்க மாட்டார். போன மாதம் யானைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். இந்தக் கோடையில் அரண்மனைச் சமையற்கட்டுக்குள் புகுந்துவிட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. மகள் செண்பகவல்லியைப் பெண் பார்க்க மேலைமங்கலத்து ராஜ குடும்பம் மறுநாள் வருகிறது. வெயிலில் வருகிறவர்களுக்கு முதலில் குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டுமே! பானகமா? எல்லார் வீட்டிலும் உண்டு. நீர்மோர், நன்னாரி சர்பத், இளநீர் எல்லாம் அப்படித்தான்.

"தனித்தனியாகவே இவ்வளவு ருசி என்றால், ஒன்றாகச் சேர்த்தால் எவ்வளவு ருசி!" என்றார் ராஜா.

அண்டாவில் மோரை ஊற்றினார். அதன் தலையில் பானகத்தைக் கவிழ்த்தார். நன்னாரியும் இளநீரும் இறங்கின. கடைசியில் பெருங்காயத்தைக் கை நிறைய அள்ளிப் போட்டுக் கலக்கினார். புதுவெள்ளம் வந்த வாய்க்கால் மாதிரி ஒரு நிறம் வந்தது. விருந்தாளி குடித்த பிறகே வீட்டுக்காரர் குடிக்க வேண்டும் என்பது அந்தக் கோட்டை வழக்கம். அதனால் ராஜா ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்கவில்லை.

பிரதானி நஞ்சுண்டன் ஒரு கரண்டி குடித்துவிட்டு, "அமிர்தம்!" என்றார். சமையற்கட்டுத் தலைவி அங்கம்மாளும் ஒரு கரண்டி குடித்தாள். அவளுக்கு மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"மகாராஜா, இதை மாடுகூட மோந்து பார்த்துட்டுப் போயிடும்" என்றாள்.

அவ்வளவுதான். அன்று மத்தியானமே அவளை யானைக்குப் புல் அறுக்க அனுப்பிவிட்டார்கள்.

செண்பகவல்லி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஏகாம்பரத்திடம் ஓடினாள். ஏகாம்பரம் சபையில் விகடம் பேசுகிறவன். ராஜாவிடம் எதையும் பேசித் தப்பிக்கிறவன் அவன் ஒருவன்தான்.

"ஐயா, ஓவியத்தில் பார்த்ததிலிருந்தே அந்த மாப்பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அவர் அப்பா இதைக் குடித்தால் சம்பந்தமே வேண்டாம் என்று எழுந்து போய்விடுவார். நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும்."

அங்கம்மாளுக்கு நேர்ந்தது ஏகாம்பரத்துக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. நேரே ராஜாவிடம் போனான்.

"மகாராஜா, நாளைக்கு உபசாரத்தில் ஒரு குறை வரக்கூடாது. இன்றே ஒத்திகை பார்த்துவிடலாமே? சபையில் இருப்பவர்கள்தான் சம்பந்தி வீட்டார். தாங்களே தங்கள் கையால் ஊற்றுங்கள்."

ஒத்திகை என்றதும் ராஜாவுக்கு வாயெல்லாம் பல். சபை முழுவதும் வரிசையாக உட்கார்ந்தது. ராஜா குவளை குவளையாக ஊற்றிக்கொண்டே போனார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து, ஒரே விழுங்கில் முடித்தார்கள்.

"அமிர்தம்!" என்றார் பிரதானி.

"பேரமிர்தம்!" என்றார் தளபதி. அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது.

ராஜா பூரித்துப் போனார். "பார்த்தாயா ஏகாம்பரம்?"

"பார்த்தேன் மகாராஜா. ஆனால் ஒரு குவளையோடு விட்டால் அது உபசாரமா? 'போதும்' என்று சொன்னாலும் வற்புறுத்தி ஊற்றுவதல்லவா நம் வழக்கம்! குவளையைக் கையால் மூடினால்தான் நிறுத்த வேண்டும்."

"ஆமாம், ஆமாம்!" ராஜா செம்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் கிளம்பினார்.

பிரதானியின் கை சட்டென்று குவளைமேல் விழுந்தது. "வயிறு நிறைந்துவிட்டது மகாராஜா!"

தளபதி இரண்டு கையாலும் மூடினார். "இன்று எனக்கு ஒருபொழுது."

"ராகு காலம் ஆரம்பித்துவிட்டது" என்றார் ஜோசியர்.

"பத்தியம்" என்றார் வைத்தியர்.

அந்தக் கோடி வரைக்கும் ஒரு குவளைகூடத் திறந்திருக்கவில்லை. ராஜா நிரம்பிய செம்போடு நின்றார். பாவம், பார்க்கவே சங்கடமாக இருந்தது.

ஏகாம்பரம் உள்ளே போய் ஒரு பானையைத் தூக்கி வந்தான். காலையில் அங்கம்மாள் கலந்து வைத்துவிட்டுப் போன நீர்மோர். இஞ்சி தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டது. வேறொன்றும் இல்லை.

"இதுவும் கொஞ்சம் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா?"

மூடியிருந்த கைகள் எல்லாம் குவளையை நீட்டின. தளபதியின் ஒருபொழுது முடிந்தது. ராகு காலம் விலகியது. வயிறு நிறைந்த பிரதானி மூன்று குவளை குடித்துவிட்டு நாலாவதற்கும் நீட்டினார்.

ராஜாவின் முகம் மாறியது. தாம் கலக்கியதில் ஒரு குவளை எடுத்து வாயில் ஊற்றினார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஒருவழியாக உள்ளே தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம், மகாராஜா?" என்று ஏகாம்பரம் பணிவாகச் செம்பைச் சாய்த்தான்.

ராஜாவின் கை தானாகவே குவளையை மூடியது.

ராஜா தம் கையைப் பார்த்தார். மற்றவர்கள் கையைப் பார்த்தார்.

"ஏகாம்பரம்! இது இவ்வளவு மோசம் என்று உனக்குத் தெரியும். நேராக என்னிடம் சொல்வதற்கென்ன?"

"சொல்லியிருப்பேன், மகாராஜா. எனக்குப் புல் அறுக்கத் தெரியாதே!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரத்துக்குப் போட்டார். திரைக்குப் பின்னால் செண்பகவல்லியின் வளையல் சந்தோஷமாகக் குலுங்கியது.

"அங்கம்மாளை இப்போதே கூட்டி வாருங்கள். நாளைக்குச் சம்பந்திக்கு அவள் கையால்தான் நீர்மோர்" என்றார் ராஜா.

"உத்தரவு" என்று கைகட்டினான் ஏகாம்பரம். "ஆனால் யானை பட்டினி கிடக்குமே, மகாராஜா?"

ராஜா மெல்லத் திரும்பினார்.

"பிரதானியாரே, உமக்குத்தான் அமிர்தம் குடித்த தெம்பு இருக்கிறது. அரிவாளை எடுத்துக்கொள்ளும்!"