நோட்டில் கடைசிப் பெயர்

நான் கடலை உடைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒரு மணி இருக்கும். வாசல்படியில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தேன். மடியில் காய், பக்கத்தில் சொளகில் பருப்பு. என் கைப்பிள்ளை பாப்பா, என் மாமியார், அத்தை கையில் இருந்தாள்.

எங்கள் வீட்டுக்கு எதிரே வாகைமரம். அதன் அடியில் செண்பகம் அக்காவின் இஸ்திரி வண்டி. அக்கா பெட்டியில் கரியை ஊதிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அண்ணாச்சி வந்தார், கக்கத்தில் ஒரு நோட்டோடு.

அண்ணாச்சி பெயர் அய்யாத்துரை. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு வாங்கியவர். அக்காவைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். ஆனால் ஃபோன் ஹாக்கியில் அக்காதான் அவருக்குக் குரு. அது அவரே வைத்துக்கொண்ட முறை. சும்மா பேசும்போது தாயி என்பார். சந்தேகம் கேட்க வந்தால் குருவே என்பார்.

கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை தொடாத தெரு கிடையாது. முட்டி போனவர்களும் வேலையை விட்டு நகர முடியாதவர்களுமாக எட்டுப் பேர் சேர்ந்து ஃபோனில் ஒரு லீக் நடத்துகிறார்கள். ஆளுக்கு ஒரு அணி. ஆட்டக்காரர்கள் யாரும் நிசம் இல்லை, ஃபோன் உண்டாக்கியவர்கள். யாரை இறக்குவது, எப்போது இறக்குவது என்று இவர்கள் சொல்ல வேண்டும். ஞாயிறு நாலு மணிக்கு ஃபோனே ஆடும். யார் அடித்தது, யார் தடுத்தது என்று வரிவரியாக எழுதிக் காட்டும். மூன்று வருஷமாக அக்காதான் முதலிடம். ஒரு சட்டைக்கும் அடுத்த சட்டைக்கும் நடுவில் ஃபோனை எட்டிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

அண்ணாச்சியின் அணி கடைசிக்கு முந்தின இடம். அன்றைக்குத் தோற்றால் கடைசி. கடைசியாக வருகிற அணியைக் கலைத்துவிடுவது என்று அவர்களுக்குள் சட்டம். சமன் செய்தால் தப்பித்துவிடலாம்.

அவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. தன்னோடு தெருவில் ஆடியவர்களின் பெயரைத்தான் தன் ஆட்டக்காரர்களுக்கு வைத்திருந்தார். அந்தப் பெயருக்கு உரியவர்கள் இன்றைக்கும் டீக்கடையில் அவரைப் பிடித்து, நேற்று நான் எப்படி ஆடினேன், கோல் போட்டேனா என்று கேட்பார்கள். கலைத்துவிட்டால் பதினாறு பேருக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும்.

போன வாரம் அவருடைய நல்ல பேக்குக்கு முட்டி போய்விட்டது. பின்னால் நின்று பந்தைத் தடுக்கிறவனைத்தான் எங்கள் ஊரில் பேக் என்பார்கள். ஃபோனிலும் முட்டிதான் முதலில் போகிறது.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆள் குறைந்தால், வருஷத்தின் கடைசி ஆட்டத்துக்கு மட்டும், வேறு அணியில் உட்கார்ந்திருக்கிற மாற்று பேக் ஒருவனை இரவல் கேட்கலாம். கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவது மாதிரி. ஆனால் மூன்று மணிக்குள் வாங்கிவிட வேண்டும்.

அண்ணாச்சி நோட்டை வண்டிமேல் விரித்தார்.

"குருவே, உன் சைமனை எனக்குத் தா."

"எடுத்துக்கோங்க. எதுக்கு சைமன்?"

நாலு நாளாக உட்கார்ந்து எழுதியதை விளக்கினார். ஏழு அணியிலும் இரண்டிரண்டு மாற்று பேக், மொத்தம் பதினாலு பேர். ஒவ்வொருத்தனும் களத்தில் நின்ற நிமிஷம், அந்த நேரத்தில் விழுந்த கோல். அதை வைத்து மேலிருந்து கீழே வரிசை போட்டிருந்தார். முதல் பெயர் சைமன். கடைசிப் பெயர் அருளப்பன் என்று ஒருவன், ஆறாம் இடத்து அணிக்காரன்.

"சைமன் நிக்கும்போது வருஷத்துக்கே ஒரு கோல்தான் விழுந்திருக்கு தாயி. இந்த அருளப்பன் பயலுக்கு முப்பத்தொண்ணு. இவனையெல்லாம் எதுக்கு வச்சிருக்காங்கன்னு தெரியல."

"அவங்க எப்ப எப்ப இறங்குனாங்கன்னு எழுதலையா?"

"அது எதுக்கு? நின்ன நேரத்துல எத்தனை விழுந்துச்சுங்கதுதான பேச்சு."

அக்கா ஒரு சட்டைக் காலரைத் தேய்த்து முடித்தாள். பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு தாடையால் பாப்பாவைக் காட்டினாள்.

"மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு. பாப்பாவுக்கும் அதே மாதிரி ஒரு பக்கம் எழுதுங்க. யார் கையில எவ்வளவு நேரம் இருந்தா, எத்தனை தடவ அழுதா."

அண்ணாச்சி முகத்தைச் சுளித்தார். அணி கலைகிற நாளில் இது என்ன விளையாட்டு என்றார். ஆனாலும் குரு சொன்னது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எங்கள் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸில் எத்தனை தலை என்று பார்ப்பாரே, அதே பார்வை.

எனக்குக் கூச்சமாக இருந்தது. கடலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

பாப்பா அத்தையிடம்தான் ரொம்ப நேரம் இருந்தாள். பால் குடித்து வயிறு நிறைந்திருந்தது. அத்தை தெருவில் நடந்து நடந்து காட்டினாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் கன்னத்தைக் கிள்ளினார்கள். உதடு லேசாகப் பிதுங்க ஆரம்பித்தால் போதும், அத்தை நேரே என்னிடம் வந்து, இந்தா பிடி என்று தந்துவிடுவாள். அழுகையெல்லாம் என் தோளுக்கு வந்த பிறகுதான். தட்டிக் கொடுத்து அடங்கினதும், நான் பத்துக் காய் உடைப்பதற்குள் பாப்பாவை மறுபடி தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

அக்கா கொஞ்ச நேரம் வாங்கி, கலர் கலரான சேலைகளைக் காட்டினாள். பாப்பா ஒரு தடவை விக்கி அழுதாள், என்னிடம் வந்துவிட்டாள். அண்ணாச்சியும் கால் மணி நேரம் வைத்திருந்தார். அழவில்லை. வேட்டியை மட்டும் நனைத்துவிட்டாள். இதையும் கோலில் சேர்க்கணுமா என்று அண்ணாச்சி கேட்டார். இது வெறும் பெனால்டி கார்னர்தான், வாய்ப்பு மட்டும், கோல் ஆகவில்லை, எழுத வேண்டாம் என்றாள் அக்கா.

இரண்டரை மணிக்கு அவர் எழுந்து நின்று வாசித்தார்.

முதல் இடம் அத்தை, நாற்பத்தைந்து நிமிஷம், ஒரு தடவைகூட அழவில்லை. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. அஞ்சு பிள்ளை வளர்த்த கை என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். இரண்டாவது அண்ணாச்சியே. அதை மட்டும் இரண்டு தடவை வாசித்தார். மூன்றாவது அக்கா.

அடுத்த வரிக்கு வந்ததும் பென்சிலால் தலையைச் சொறிந்தார். என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். குரலைக் குறைத்துக்கொண்டார்.

"பேச்சி. பதினெட்டு நிமிஷம். அஞ்சு தடவை."

அத்தை என்னை விட்டுக்கொடுக்காமல், சின்னப் பொண்ணுதான, போகப் போகப் படிஞ்சிரும் என்றாள். நான் ஒரு காயை உடைத்தேன். சொத்தை.

அக்கா, "சரி," என்றாள். சேலையை மடித்து வைத்தாள். அடுத்ததை எடுத்து உதறினாள்.

அண்ணாச்சி காத்துப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல பச்சைப்பிள்ளை அழுததை எழுதியிருக்கேன், நீ வெறும் சரிங்குதே, எனக்கு அங்கே அணி போகுது என்றார். சொன்னபடி சைமனையே எடுக்கப் போவதாகச் சொல்லி ஃபோனைத் திறந்தார். அத்தை உலையைப் பார்க்க உள்ளே போயிருந்தாள். பாப்பா அண்ணாச்சி மடியில் இருந்தாள்.

மணி மூன்றாகப் பத்து நிமிஷம். சைமன் பெயருக்குப் பக்கத்தில் அவர் விரல் போய்விட்டது.

பாப்பா ஃபோனைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அவர் ஃபோனை உயர்த்தினார். அவ்வளவுதான். முகம் சிவந்தது, வாய் திறந்தது, சத்தம் கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது. வந்த பிறகு நிற்கவே இல்லை.

அவர் குலுக்கினார். கடிகாரத்தைக் காட்டினார். ரைட் ரைட் என்று சொல்லி விசில் ஊதிப் பார்த்தார். அத்தை கரண்டியோடு ஓடிவந்து கை தட்டினாள். கேட்கவில்லை. அத்தை வாங்கினாள், பாப்பா வில்லாக வளைந்துகொண்டாள். அத்தை திரும்ப அவர் கையிலேயே கொடுத்தாள். அவருக்கு வேர்த்துவிட்டது. ஃபோனை வண்டிமேல் போட்டுவிட்டு, பாப்பாவை இரண்டு கையிலும் ஏந்தி என் பக்கம் நீட்டினார்.

"பேச்சி, தாயி, ஓடி வா. நீ பிடி."

நான் போய் வாங்கினேன்.

அக்கா மடிப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நோட்டுல கடைசி ஆளையா கூப்பிடுதீங்க, அண்ணாச்சி?"

அண்ணாச்சி நின்ற இடத்திலேயே நின்றார். கை இன்னும் நீட்டினபடி இருந்தது. பாப்பா என் தோளில் இரண்டு விசும்பல் விசும்பிவிட்டு அடங்கினாள். அதையும் பார்த்தார்.

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். நோட்டை மூடிவிட்டு ஃபோனை எடுத்து எதையோ தேடித் தேடிப் படித்தார். உதடு மட்டும் அசைந்தது. சைமன் இறங்கியது எல்லாம் அக்காவின் அணி நாலு, அஞ்சு கோல் முன்னால் இருந்தபோது. எதிராளி ஓய்ந்துபோய் வீட்டுக்குப் போகக் காத்திருக்கிற நேரம். அருளப்பன் இறங்கியது எல்லாம் கடைசிப் பத்து நிமிஷம். எதிராளி மொத்தமாக ஏறி வருகிற நேரம். அவன் அணிக்காரருக்கு வேறு யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை போல.

மூன்றாக இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவர் ஒரு பெயரைத் தொட்டார். யார் என்று சொல்லவில்லை.

நாலு மணிக்கு ஃபோனை வண்டிமேல் துண்டு மடித்துச் சாய்த்து வைத்தோம். அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். நானும் சாக்கோடு வண்டிப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து கடலையை உடைத்தேன். அண்ணாச்சி ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்தார், ஸ்டாப் பெயர் சொல்லுகிற மாதிரி.

ஐம்பதாவது நிமிஷம் அவர் அணி மூன்று, எதிரணி இரண்டு. எதிரணி ஏற ஆரம்பித்தது. அண்ணாச்சி அக்காவைப் பார்த்தார். அக்கா ஃபோனைப் பார்த்தாள். அருளப்பனை இறக்கினார்.

வரிகள் வந்தன. அருளப்பன் தடுத்தார். அருளப்பன் தடுத்தார். பெனால்டி கார்னர், அருளப்பன் தடுத்தார். ஐம்பத்தாறாவது நிமிஷம் ஒன்று விழுந்துவிட்டது. மூன்றுக்கு மூன்று. அத்தை நாக்கைக் கடித்தாள். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார், மீதியை அக்காதான் வாசித்தாள். இன்னொரு பெனால்டி கார்னர். தடுத்தார். திரும்ப அடித்தார்கள். தடுத்தார். மறுபடியும் அடித்தார்கள்.

கொஞ்ச நேரம் வரியே வரவில்லை.

பிறகு வந்தது. அருளப்பன் தடுத்தார். ஆட்டம் முடிந்தது. மூன்றுக்கு மூன்று.

அண்ணாச்சி முதலில் நோட்டைத்தான் திறந்தார். கடைசிப் பெயருக்கு நேரே முப்பத்தொன்றை அடித்துவிட்டு, முப்பத்திரண்டு என்று எழுதினார். எழுதினதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். அக்காவும் சிரித்துவிட்டாள். அப்புறம் அவர் வண்டியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, டவுன் பஸ்ஸே கிளம்புகிற மாதிரி, ரைட் போலாம் என்று ஒரு கத்துக் கத்தினார்.

பாப்பா திடுக்கிட்டாள். முகம் சிவந்தது, வாய் திறந்தது.

பேச்சி என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். அதிலும் அத்தையின் குரல்தான் முதலில் வந்தது. நான் மடியைக்கூட உதறாமல் எழுந்து, கடலையெல்லாம் தெருவில் உருள உருள ஓடிப்போய்ப் பாப்பாவை வாங்கிக்கொண்டேன்.