ஒற்றைக்கால் முக்காலி

மிருகமும் பறவையும் நம்மோடு வாய்க்கு வாய் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலை கிழக்கே இறங்கி முடிகிற ஸ்லோவேனியா தேசத்துக் காட்டுக்குள் ஊர்ஷா என்று ஒருத்தி இருந்தாள். அவளும் அவள் புருஷன் யெர்னெயும் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்கள். மரக்கரி இல்லாவிட்டால் கொல்லன் உலை எரியாது. உலை எரியாவிட்டால் கோடாலி இல்லை, கலப்பைக்குக் கொழு இல்லை, குதிரைக்கு லாடமும் இல்லை. இத்தனைக்கும் இவர்கள் ஊருக்குள் இறங்கினால் ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். புகை நாற்றமாம்! அவர்கள் வீட்டுக் காய்கறிக் கத்தியே அந்தப் புகையில் பிறந்ததுதான், அதை யார் யோசித்தார்கள்?

கரிமூட்டம் பார்க்க லேசான வேலை மாதிரித்தான் தெரியும். வெட்டிக் காயவைத்த கட்டைகளைக் கூம்பாக நிறுத்தி அடுக்கவேண்டும். மேலே தழையைப் போர்த்தி, அதற்கு மேல் ஈரமண்ணைக் கனமாக அப்பி, உச்சியில் விட்ட துளை வழியாக நெருப்பைப் போடவேண்டும். உள்ளே கட்டை எரியக்கூடாது, புழுங்கவேண்டும். பத்துப் பன்னிரண்டு நாள் புழுங்கினால் கரி. நடுவில் எங்காவது மண் பொத்துக்கொண்டு காற்று உள்ளே போனதோ, போச்சு, குப்பென்று பற்றி அத்தனையும் சாம்பல். அதனால் ராத்திரி பகல் பாராமல் ஓர் ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, பொத்தலைக் கண்டதும் மண்ணை அள்ளி அடைக்கவேண்டும். புருஷன் கொஞ்ச நேரம், பெண்டாட்டி கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றிக் காவல் இருப்பார்கள்.

அந்த வருஷம் மாற்றிக்கொள்ள ஆள் இல்லாமல் போயிற்று. கட்டைகளை அடுக்கிவிட்டு, மேலே போர்த்தத் தழைக்காக ஒரு மரத்தை வெட்டும்போது அது சரிந்து யெர்னெயின் காலை முறித்துவிட்டது. குடிசைக்குள் காலுக்குச் சட்டம் வைத்துக் கட்டிப் படுத்துக்கிடந்தான். பனி விழ இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. விழுந்துவிட்டால் மலைப்பாதை மூடிக்கொள்ளும். அதற்குள் கரியைக் கொல்லனிடம் இறக்கிவிட்டு மாவும் உப்பும் கொழுப்பும் ஏற்றிக்கொண்டு வந்தால்தான் வசந்தம் வரைக்கும் இரண்டு வயிறும் தாங்கும். இந்த மூட்டம் எரிந்துபோனால் இன்னொன்றுக்கு மரமும் இல்லை, நாளும் இல்லை.

"ஏய்யா, நான் பார்த்துக்கறேன். நீ காலை அசைக்காம கிட" என்றாள் ஊர்ஷா.

"பத்து நாளும் தனியாவா? தூக்கத்துக்கு என்ன செய்வே?"

"வந்தா, போயிட்டு அப்புறமா வான்னு சொல்லி அனுப்பறேன்."

யெர்னெய்க்கு மனசு கேட்கவில்லை. சும்மா கிடக்கிறோமே என்ற வேதனையில், படுத்தபடியே கத்தியும் கட்டையுமாக அவளுக்கு ஒரு முக்காலி செய்தான். மூன்று காலும் கல்லு மாதிரி நின்றன. உட்காரும் பலகையைக் குழிவாகச் செதுக்கி, ஆட்டுத்தோலைப் போர்த்திக் கொடுத்தான். "இடுப்பு வலிக்காம உட்காரும்மா" என்றான். பாவம், அன்பாகத்தான் செய்தான். அவ்வளவு சொகுசான முக்காலி கரிமூட்டக்காரிக்கு ஆகாது என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

மூட்டத்துக்கு நெருப்பு வைத்த மூன்றாம் நாள், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குருவி வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தது. அலகிலிருந்து வால் நுனி வரைக்கும் ஒரே வெள்ளை. அதன் கூட்டமெல்லாம் குளிருக்குப் பயந்து தெற்கே போயாகிவிட்டது. இந்த மகராசன் மட்டும் ஓடைத் தண்ணீரில் தன் அழகைப் பார்த்துப் பார்த்து இறகு கோதிக்கொண்டு நின்றதில் பின்தங்கிவிட்டான். இப்போது வெடவெடவென்று நடுங்கினான்.

"அக்கா, உங்க மண்மேடு கதகதன்னு இருக்கே. ஓரமா ஒண்டிக்கட்டுமா?"

"தாராளமா ஒண்டிக்கோ. உன் வெள்ளைச் சட்டைக்கு மட்டும் நான் பொறுப்பில்லே."

"ஐயையோ! புகை அடிக்காத பக்கமாப் பார்த்து உட்கார்றேன்."

காற்று திரும்பினால் குருவியும் எழுந்து இடம் மாறும். மறுபடி காற்று திரும்பும், மறுபடி எழுந்து ஓடும். ஒரு சின்னக் கரித்தூள் மேலே பட்டுவிட்டால் போதும், அரைமணி நேரம் துடைக்கும். ஊர்ஷாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளிடம் ஒரு நாளைக்கு ஒரு துண்டு என்ற கணக்கில்தான் கறுப்பு ரொட்டி இருந்தது. அதைப் பிய்த்துப் பாதியைக் குருவி முன்னால் உதிர்த்துப் போட்டாள்.

"உங்களுக்கு?"

"இதோ இருக்கே மிச்சம். பேசாம தின்னுடா, பொடிப்பயலே."

தின்று தெம்பு வந்ததும் குருவி பாடியது. தேவாலயத்துச் சின்ன மணியை விரலால் சுண்டின மாதிரி ஒரு குரல். அதைக் கேட்டுக்கொண்டே ஊர்ஷா நாலாம் நாளைத் தள்ளினாள், ஐந்தாம் நாளையும் ஆறாம் நாளையும் தள்ளினாள். கண் எரிந்தது. மண் அள்ளிய கை வெடித்திருந்தது. ஆனாலும் பக்கத்தில் ஒரு உயிர் இருந்து பாடுகிறதே என்ற சந்தோஷம் அவளைத் தாங்கியது.

ஏழாம் நாள் காலையில் வானம் வெளுத்தது. வெயில் வந்தது, வடக்கிலிருந்து காற்றும் கிளம்பியது.

"அக்கா, இந்தக் காற்றைப் பிடிச்சா கூட்டத்தோட போய்ச் சேர்ந்துடுவேன்" என்றது குருவி.

"போயிட்டு வாடா தங்கம். சட்டை அழுக்காகாம போயிட்டு வா."

குருவி பறந்துபோயிற்று. நடுப்பகல். இளவெயில் முதுகில் விழ, மூட்டத்தின் சூடு முகத்தில் படிய, ஊர்ஷா ஆட்டுத்தோலின்மேல் உட்கார்ந்தாள். முக்காலி ஆடவுமில்லை, அசையவுமில்லை. ஒரே நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவ்வளவுதான், அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிட்டாள்.

குருவி மலைமுகட்டுக்குப் போனதும் திரும்பிப் பார்த்தது. தான் பறக்கிற அழகை அக்கா பார்க்கிறாளா என்று பார்க்கத்தான் திரும்பியது, வேறென்ன! ஆனால் கண்ணில் பட்டது வேறு. மூட்டத்தின் விலாவில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு பொத்தல். அதற்குள் சிவப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது.

விழுந்தடித்துக்கொண்டு திரும்பி வந்தது. "அக்கா! அக்கா!" என்று தன் மணிக்குரலில் கத்தியது. நாலு நாளாகக் கேட்டுப் பழகின குரல்தானே, ஊர்ஷா தூக்கத்திலேயே சிரித்தாள். கன்னத்தில் கொத்தியது. அவள் ஈயை ஓட்டுகிற மாதிரி ஓட்டினாள். பொத்தல் பெரிதாகி மண் பொலபொலவென்று உதிர்ந்தது. ஈரமண்ணைத் தூக்கி வைக்க அந்தச் சின்ன அலகால் ஆகுமா?

குருவி ஒரு தடவை தன் வெள்ளை மார்பைக் குனிந்து பார்த்தது. அப்புறம் பின்பக்கமாக நகர்ந்து, வாலை உள்ளே விட்டு, இறக்கையை விரித்து, அந்தப் பொத்தலைத் தன் உடம்பாலேயே அடைத்துக்கொண்டது.

உள்ளே வால் சுட்டது. புகை அதன் இறகுக்குள்ளும் தொண்டைக்குள்ளும் ஏறியது. குருவி கத்தக் கத்த மணிக்குரல் தேய்ந்து, தேய்ந்து, கடைசியில் உடைந்தது. கரகரவென்று, நெருப்பில் கட்டை வெடிக்கிற சத்தம் போல ஒரு சத்தம் வந்தது.

பாட்டுக்கு எழாதவள் அந்தச் சத்தத்துக்கு எழுந்துவிட்டாள். கரிமூட்டக்காரி எத்தனை அசதியாகத் தூங்கினாலும் கட்டை வெடிக்கிற சத்தம் கேட்டால் தூங்கமாட்டாள். துள்ளி எழுந்து ஓடினாள். குருவியை ஒரு கையால் பிடுங்கினாள், மறு கையால் சேற்றை அள்ளி அள்ளிப் பொத்தலில் அறைந்தாள். மூட்டம் ஒருமுறை உறுமி, மெல்ல அடங்கியது.

கையிலிருந்த குருவியைப் பார்த்தாள். முகமும் மார்பும் கரிக்கட்டையாக இருந்தன. வால் மட்டும் கனல் மாதிரிச் சிவந்து, நடுங்கிக்கொண்டே இருந்தது. வாளித் தண்ணீரில் மெல்ல முக்கினாள். சூடு போயிற்று, கறுப்பும் சிவப்பும் போகவில்லை.

"அக்கா, என் சட்டை..." என்றது கரகரத்த குரலில்.

ஊர்ஷா ஓவென்று அழுதாள். "ஏண்டா இப்படிப் பண்ணினே? நீ பாட்டுக்குப் போயிருக்கலாமேடா!"

"முழு ரொட்டி வச்சிருந்து அதில பாதி குடுத்திருந்தா போயிருப்பேனோ என்னமோ. இருந்ததே ஒரு துண்டு. அதிலயும் பெரிய பாதியை இல்ல எனக்குப் போட்டீங்க?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குருவியை மேல்சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கோடாலியை எடுத்தாள். முக்காலியைக் கவிழ்த்து, ஒரே மூச்சில் மூன்று காலையும் வெட்டித் தள்ளினாள்.

சத்தம் கேட்டு யெர்னெய் உள்ளேயிருந்து கத்தினான். "ஏய், நான் செஞ்சதை ஏன் வெட்டறே?"

அவள் உள்ளே போய், நடந்ததையெல்லாம் சொல்லி, குருவியை அவன் கையில் வைத்தாள். "இனிமே நான் தூங்கினா நான்தான்யா விழணும். எனக்குப் பதிலா இன்னொரு உயிர் வேகக்கூடாது."

யெர்னெய் குருவியை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தான். அப்புறம் வெட்டிய கால்களில் ஒன்றை எடுத்து, பலகைக்கு நடுவில் துளை போட்டுச் செருகினான். ஒரே காலில் நிற்கிற ஆசனம். கண் அயர்ந்தால் ஆள் குப்புற விழவேண்டியதுதான்.

மிச்ச நாளெல்லாம் ஊர்ஷா அதில் உட்கார்ந்தாள். எத்தனை தடவை விழுந்தாளோ, முழங்கையெல்லாம் சிராய்ப்பு. பன்னிரண்டாம் நாள் மூட்டத்தைப் பிரித்தபோது, தட்டினால் கணீரென்று ஒலிக்கிற கரி கிடைத்தது. பனி விழுவதற்கு முந்தின நாள் மாவும் உப்பும் வீடு வந்து சேர்ந்தன. வந்ததும் அவள் அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு கல்லை உருவி, அந்தப் பொந்தில் ஆட்டுத்தோலைப் பிய்த்து மெத்தை போட்டாள். குருவி குளிர்காலம் முழுக்க அங்கேதான் இருந்தது. புது மாவில் சுட்ட ரொட்டியில் முதல் துண்டு அதற்குத்தான்.

வசந்தத்தில் தெற்கிலிருந்து அதன் பெட்டை வந்தது. "யாரு நீ, கரிமூட்டையாட்டம்?" என்று முதலில் முறைத்தது. கதையைக் கேட்டதும் அழுதுகொண்டே அதன் இறகைத் துடைக்கத் துடைக்க, புருஷன் வெளுக்கவில்லை, தான்தான் சாம்பல் நிறமானது.

அன்று பிடித்த கறுப்புதான் அதன் வம்சமான செவ்வால் குருவிக்கு இன்றைக்கும் இருக்கிறது. வால் இன்னும் நடுங்குகிறது, பாட்டின் நடுவே இன்னும் கரகரவென்று கட்டை வெடிக்கிறது. காட்டை விட்டு மனிதர் வீட்டுச் சுவர்ப் பொந்தைத் தேடி வந்து கூடு கட்டுவதும் அன்று முதல்தான். கரிமூட்டம் போடுகிறவர்கள் ஒற்றைக்கால் ஆசனத்தில் உட்கார ஆரம்பித்ததும் அன்று முதல்தான். கண் அயர்ந்து விழுகிறவர் எழுந்து, முழங்கையைத் தேய்த்துக்கொண்டு முதலில் மூட்டத்தைச் சுற்றிப் பார்ப்பார். அப்புறம் குடிசைச் சுவரைப் பார்த்து, "நான் முழிச்சுக்கிட்டேன்டா தங்கம், நீ கூட்டிலயே இரு" என்பார்.